கட்டுப்படியாகும் விலையில் ஒரு டேப்லெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்றாட வேலைக்கு ஒரு டேப்லெட் வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் எதையாவது வெட்டியே ஆக வேண்டும். பின்னால் நம்மால் மாற்ற முடியாத பாகத்தில் கைவைத்த டேப்லெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விலை குறைந்த டேப்லெட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தொகையாகச் சொன்னால் அது ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதனால் நடுத்தரமான ஒரு ஸ்மார்ட்போனின் விலைக்குள் அடங்கும் டேப்லெட் என்று வைத்துக்கொள்ளலாம். படிக்க, படம் பார்க்க, வீடியோவில் பேச, மின்னஞ்சல் அனுப்ப, பிள்ளைகள் பாடம் கேட்க இது போதும். படம் வரைவதையோ வீடியோ எடிட் செய்வதையோ தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தப் பக்கம் உதவாது.

கையில் பெரிய போன் இருக்கும்போது டேப்லெட் எதற்கு?

நிறையப் படிப்பவர் இல்லை, பெரும்பாலும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் திரையைப் பார்க்கிறீர்கள் என்றால் தேவையே இல்லை. போனே போதும்.

ஏ4 தாளுக்காக வடிவமைத்த பிடிஎஃப் கோப்பைப் போனில் படித்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். பாடப்புத்தகம், படிவங்கள், இசைக்குறிப்பு, வரைபடம் எல்லாமே இப்படித்தான். பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் இடம் தேவை. போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்கூட நிற்காது. டேப்லெட்டால் அதிகம் பயன்பெறுகிறவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம்.

8 இஞ்ச் வாங்குவதா, 10 இஞ்ச் வாங்குவதா?

கையில் பிடித்தபடி கதை படிக்க 8 அங்குலம். மேசையில் நிறுத்திவைத்துப் படம் பார்க்க, பாடம் கேட்க 10 அல்லது 11 அங்குலம்.

ஆனால் அளவோடு சேர்த்துப் பிக்சல் எண்ணிக்கையையும், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையையும், பாருங்கள். மலிவான டேப்லெட்டுகளில் அதிகம் வருவது 1280 x 800. அதே எண்ணிக்கை 8 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 189 பிக்சல் தரும். 10.1 அங்குலத்தில் அது 149 ஆகச் சரிந்துவிடும். ஆங்கில எழுத்தாவது பரவாயில்லை. தமிழ் எழுத்தின் வளைவுகளும் சுழிகளும் சிறிய அளவில் பிசிறடிக்கும், சற்று நேரம் படித்தாலே கண் சலிக்கும். 10 அங்குலம் வாங்குவதானால் 1920 x 1200 இருக்கட்டும். அதில் அங்குலத்துக்குச் சுமார் 224 பிக்சல் கிடைக்கும்.

தொடுதிரை எல்லாம் ஒன்றுதானே? சிலதில் மட்டும் ஏன் அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருக்கிறது?

தொடுதிரையில் இரண்டு வகை முக்கியம். ரெசிஸ்டிவ் வகையில் இரண்டு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளியில் இருக்கும். அழுத்தினால்தான் இரண்டும் ஒட்டும், தொட்ட இடம் தெரியும். கெப்பாசிட்டிவ் வகையில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டம் இருக்கிறது. விரல் கிட்டே வந்ததும் அங்கே மின்தேக்கம் மாறுவதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அழுத்தம் தேவையில்லை. மாணவர்களுக்காக இந்திய அரசு மலிவு விலையில் கொண்டுவந்த, 2011இல் அறிவிக்கப்பட்ட ஆகாஷ் டேப்லெட்டின் முதல் பதிப்பு 7 அங்குல ரெசிஸ்டிவ் திரையோடு வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் விரலுக்குப் பணியாத திரை, டேப்லெட் என்ற பொருளின் மேலேயே பலருக்கு வெறுப்பை உண்டாக்கியது.

இன்று விற்பவை அநேகமாக எல்லாமே கெப்பாசிட்டிவ்தான். மலிவானவற்றில் மேல் கண்ணாடிக்கும் காட்சித்திரைக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டிருப்பார்கள். அதனால் வெளிச்சத்தில் கொஞ்சம் அதிகம் பளபளக்கும், படம் உள்ளே தள்ளி இருப்பது போலத் தோன்றும். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். கண்ணாடி மட்டும் உடைந்தால் காட்சித்திரையைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம், செலவு குறையும். பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இதுவே நல்லது.

பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறது, கீழே சின்னதாக 4+4 என்று இருக்கிறது. எதை நம்புவது?

சின்னதாக இருப்பதை. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் வேகமான தற்காலிக நினைவகம். உண்மையான ரேம் முதல் 4 ஜிபி மட்டுமே. அடுத்த 4 ஜிபி, கோப்புகளையும் ஆப்களையும் சேமித்துவைக்கும் ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் போலப் பயன்படுத்துவது. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. பின்னணியில் கிடக்கும் ஆப் ஒன்றை மூடாமல் வைத்திருக்க உதவுமே தவிர வேகம் தராது. சிலவற்றில் 4+12 என்றுகூடப் போடுகிறார்கள். கூட்டல் குறியைக் கண்டாலே முதல் எண்ணை மட்டும் படியுங்கள்.

இன்றைய ஆண்ட்ராய்டுக்கு 4 ஜிபி என்பது கீழ் எல்லை. 6 கிடைத்தால் நல்லது. 2 அல்லது 3 ஜிபி வேண்டாம். டேப்லெட்டில் ரேமைப் பிறகு சேர்க்கவே முடியாது.

எட்டு கோர் பிராசசர் என்றால் வேகமாகத்தானே இருக்கும்?

கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, ஒரு வேலையாள் மாதிரி. எட்டு பேர் இருக்கிறார்களா என்பதைவிட அந்த எட்டு பேர் யார் என்பதுதான் கேள்வி. கார்ட்டெக்ஸ் ஏ53, ஏ55 போன்றவை மின்சாரத்தைச் சேமிப்பதற்காக உருவாக்கிய சிறிய கோர்கள். ஏ53 2012இல் அறிவிக்கப்பட்டது. எட்டும் இந்த வகையாகவே இருந்தால் இணையப் பக்கம் திறப்பது போன்ற சாதாரண வேலையே திணறும். அந்த வேலையின் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழுகிறது.

குறைந்தது இரண்டு பெரிய கோர்களாவது இருக்கட்டும். யுனிசாக் டி606 பிராசசரில் பெரிய வகையான ஏ75 இரண்டு, சிறிய ஏ55 ஆறு இருக்கின்றன. மீடியாடெக் ஹீலியோ ஜி99இல் பெரிய ஏ76 இரண்டு, சிறிய ஏ55 ஆறு. முதலாவது போதுமானது, இரண்டாவது தாராளம். பிராசசர் பெயரே சொல்லாமல் 'ஆக்டா கோர்' என்று மட்டும் விளம்பரம் செய்தால் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கும்போது நன்றாக ஓடியது, இரண்டே வருடத்தில் ஏன் இழுக்கிறது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பழி பெரும்பாலும் ரேமின் மேல் விழுகிறது. பல சமயம் உண்மையான காரணம் ஸ்டோரேஜ்.

மலிவான டேப்லெட்டுகளில் இருப்பது இஎம்எம்சி வகை. ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலத்தில் இந்தப் பக்க வண்டிகள் போகும்வரை அந்தப் பக்க வண்டிகள் காத்து நிற்பது போலத்தான். யுஎஃப்எஸ் வகையில் இரண்டு திசையும் திறந்திருக்கும். பின்னணியில் நாலு ஆப்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் ஒன்றைத் திறந்தால் இஎம்எம்சி டேப்லெட் உறைந்து நிற்பது இதனால்தான். அப்புறம், ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். காலியிடம் குறையக் குறைய அந்த இடமாற்று வேலை கூடும், வேகம் விழும்.

2012இல் கூகுளும் ஆசூசும் சேர்ந்து கொண்டுவந்த நெக்சஸ் 7 இதற்கு நல்ல பாடம். 199 டாலர் விலையில் அவ்வளவு நல்ல டேப்லெட் அதுவரை வந்ததில்லை. ஆனால் நாளாக ஆக அதன் ஸ்டோரேஜ் தளர்ந்து, டேப்லெட்டே நகராமல் போனதாகப் பலர் புகார் செய்தார்கள். அழித்த கோப்புகளின் இடத்தை ஒழுங்காகத் துப்புரவு செய்யும் டிரிம் வசதி 2013இல் ஆண்ட்ராய்டு 4.3 வந்தபோது கிடைத்தது. கொஞ்ச காலம் தெம்பு வந்தது. பிறகு வந்த பெரிய அப்டேட்டுகளை அந்த வன்பொருளால் சுமக்க முடியவில்லை.

ஆகவே 32 ஜிபி வேண்டாம், அதில் கணிசமான பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். 64 ஜிபி குறைந்தபட்சம், 128 ஜிபியும் யுஎஃப்எஸும் கிடைத்தால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கத் தயங்காதீர்கள். இப்போதே கையில் இழுக்கும் டேப்லெட் வைத்திருப்பவர்கள், படங்களையும் வீடியோக்களையும் மெமரி கார்டுக்கு நகர்த்திவிட்டு உள் ஸ்டோரேஜில் கால்பங்கையாவது காலியாக வைத்துப் பாருங்கள்.

திரை முழு எச்டிதான், ஆனால் ஓடிடியில் படம் மங்கலாகவே வருகிறது. திரையில் கோளாறா?

திரையில் கோளாறு இருக்காது. நெட்ஃப்ளிக்ஸ் போன்ற சேவைகள் ஆண்ட்ராய்டில் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 என்ற நிலைக்குச் சான்று பெற்ற கருவிக்கே எச்டி கொடுப்பார்கள். எல்3 மட்டும் இருந்தால் 480 வரி அளவோடு நிறுத்திவிடுவார்கள். இந்தச் சான்றுக்கான வேலையைச் சில தயாரிப்பாளர்கள் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள்.

பின்னால் நீங்களாகச் சரிசெய்ய வழியில்லை. எனவே வாங்கும் முன்பே எல்1 உண்டா என்று கேளுங்கள். விவரத்தாளில் இல்லாவிட்டால் அதே மாடலை வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள். யூடியூப் நன்றாகத் தெரிகிறது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அங்கே சாதாரண வீடியோக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பெயர் கேள்விப்படாத நிறுவனம், பாதி விலை, எல்லாமே அதிகமாகப் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ரேம் கதை மேலே பார்த்ததுதான். சில கருவிகளில் அமைப்புகள் பக்கமே பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. கருவிகளை உரியவருக்குத் தெரியாமல் கைப்பற்றி இயக்கும் பேட்பாக்ஸ் 2.0 என்ற வலைப்பின்னல் 2025இல் அம்பலமானது. கூகுளின் சான்று பெறாத மலிவு ஆண்ட்ராய்டுக் கருவிகள் 1 கோடிக்கும் மேல் அதில் சிக்கியிருந்தன. டிவி பெட்டிகளோடு டேப்லெட்டுகளும் அவற்றில் உண்டு. பல கருவிகளில் மால்வேர் எனப்படும் தீங்கு செய்யும் மென்பொருள், பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளே இருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது, கூகுள் வழக்குத் தொடுத்தது.

பிளே ஸ்டோரைத் திறந்து, அமைப்புகளில் 'பற்றி' என்ற பகுதியில் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இல்லையென்றால் அந்த டேப்லெட்டில் வங்கி ஆப்பையோ முக்கியமான மின்னஞ்சல் கணக்கையோ சேர்க்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கீபோர்டு சேர்த்தால் லேப்டாப்புக்குப் பதிலாகிவிடுமா?

கடிதம் எழுத, குறிப்பெடுக்க, எளிய கணக்குத்தாள் போட ஆகும். ஆண்ட்ராய்டில் புளூடூத் கீபோர்டு எதுவும் வேலை செய்யும், டேப்லெட்டோடு விற்கும் விலை உயர்ந்த உறைக் கீபோர்டுதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து நாள் முழுக்க வேலை பார்க்கப்போகிறவர்கள் லேப்டாப்பே வாங்குங்கள். இந்த விலைப் பிரிவில் விண்டோஸ் டேப்லெட் பக்கம் போகவே போகாதீர்கள். 4 ஜிபி ரேமும் இஎம்எம்சியும் ஆண்ட்ராய்டுக்கே இறுக்கம், விண்டோஸுக்குப் பற்றவே பற்றாது.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் விட்டால் பேட்டரி கெட்டுவிடுமா?

நிறைந்ததும் சார்ஜ் ஏற்றுவதை டேப்லெட்டே நிறுத்திக்கொள்ளும், அதனால் பயப்பட வேண்டாம். லித்தியம் அயனி பேட்டரியை மூப்பாக்குவது இரண்டு: சூடு, எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிற்பது. சுவரில் மாட்டி நாள் முழுக்கச் சார்ஜரோடு வைத்திருக்கும் டேப்லெட்டுகள் உப்புவது இதனால்தான். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் போட்டுவிடுங்கள். தடித்த உறைக்குள் வைத்து, மெத்தையின் மேல் சார்ஜ் செய்வதைத் தவிர்த்தால் போதும்.

பின்மூடி லேசாகப் புடைத்தாலோ, திரை ஓரத்தில் தூக்கினாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜரில் போடாதீர்கள், பேட்டரி மாற்றுகிறவரிடம் கொண்டுபோங்கள்.

எத்தனை வருடத்துக்கு அப்டேட் வந்தால் போதும்?

வாங்கும் நாளிலிருந்து குறைந்தது நான்கு வருடம் பாதுகாப்பு அப்டேட் வேண்டும். மாடல் வெளியாகி ஏற்கெனவே இரண்டு வருடம் ஓடியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடியில் தள்ளப்படும் மாடல்களில் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு வருவதும் பாதுகாப்பு அப்டேட் வருவதும் வேறு வேறு. இரண்டாவதே முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் புதிய விதி வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் சிஸ்டம் அப்டேட் கிடைக்க வேண்டும். 7 ஆண்டுகள் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும். உலகம் முழுக்க விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனி டேப்லெட் செய்வது அரிது. அதனால் இந்த விதியின் பலன் மற்ற நாடுகளுக்கும் கசியும் என்று எதிர்பார்க்கிறேன். ஐரோப்பாவிலும் விற்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

அதே காசுக்குப் பழைய உயர்ரக டேப்லெட் கிடைக்கிறது. புதிய மலிவானதா, பழைய நல்லதா?

திரை, ஸ்டோரேஜ், பிராசசர் மூன்றிலும் பழைய உயர்ரகம் பல சமயம் ஜெயிக்கும். ஐபேட் ஏர் 2 வந்தது 2014இல். 2021இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 அதற்கும் கிடைத்தது. பல மலிவு டேப்லெட்டுகள் அதில் பாதிக் காலம்கூட அப்டேட் பார்ப்பதில்லை.

ஆனால் முந்தைய இரண்டு பதில்களையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள், அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும்? பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிய பிறகும் லாபம், இரண்டு வருடமாவது அப்டேட் மிச்சம் என்றால் பழையதையே எடுங்கள். முந்தையவரின் கணக்கு முழுதாக நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய கருவிதான் கையில் மிஞ்சும்.

200 டாலர் டேப்லெட் என்று பல வருடம் முன்பே பேசினார்களே, அது என்ன ஆச்சு?

ஆசை அதைவிடப் பழையது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே 1972இலேயே டைனாபுக் என்ற கையடக்கக் கணினியைக் கற்பனை செய்து, 500 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று எழுதினார். 2008 ஜூலையில் தொழில்நுட்பச் செய்தித் தளமான டெக்கிரஞ்சின் நிறுவனர் மைக்கேல் ஆரிங்டன், இணையம் பார்க்க மட்டும் 200 டாலரில் ஒரு தொடுதிரை வேண்டும் என்று கிரஞ்ச்பேட் திட்டத்தைத் தொடங்கினார். கூட்டாளி நிறுவனத்தோடு பிணக்கு வந்து, 2009 டிசம்பரில் அது ஜூஜூ என்ற பெயரில் 499 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஆப்பிள் ஐபேடை அதே 499 டாலருக்கு அறிவித்தது. ஜூஜூ தாக்குப்பிடிக்கவில்லை.

199 டாலர் டேப்லெட்டுகள் 2011இல் அமேசானின் கிண்டில் ஃபயராகவும் 2012இல் கூகுளின் நெக்சஸ் 7ஆகவும் நிஜமாகவே வந்தன. கருவியில் லாபம் பார்க்காமல் அடக்க விலைக்கே விற்கிறோம் என்று இரண்டு நிறுவனங்களுமே சொன்னார்கள். புத்தகம், படம், ஆப் விற்று அந்தப் பணத்தை எடுப்பது அவர்கள் கணக்கு. அமேசான் டேப்லெட்டுகளின் பூட்டுத்திரையில் விளம்பரம் வருவதும் அந்தக் கணக்கில்தான். மிகவும் மலிவான டேப்லெட்டைக் கண்டால் மீதிப் பணம் எந்த வழியில் வசூலாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்களே ஒன்றை வடிவமைத்தால் அது எப்படி இருக்கும்?

10 அங்குலம், 1920 x 1200 திரை. 6 ஜிபி ரேம், 128 ஜிபி யுஎஃப்எஸ், இரண்டு பெரிய கோர்கள் உள்ள சாதாரண பிராசசர், எல்1 சான்று. இவற்றில் கை வைக்க மாட்டேன். பின்பக்கக் கேமராவை எடுத்துவிடுவேன். முன்கேமரா ஒன்று போதும், அதையும் நீளப் பக்கத்தின் நடுவில் வைப்பேன். டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் நிறுத்திப் பேசும்போது முகம் ஓரமாகத் தெரிவது பெரிய தொல்லை. உலோக உடல் வேண்டாம், நல்ல பிளாஸ்டிக் கீழே விழுந்தாலும் தாங்கும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் சரி, பசைக்குப் பதில் திருகு போட்டு மூடி, பேட்டரியை வீட்டிலேயே மாற்றும்படி செய்வேன். ஹெட்போன் துளையும் மெமரி கார்டு இடமும் இருக்கும். பேனா, சிம் கார்டு, கைரேகை உணரி எதுவும் இருக்காது.

இதில் எந்தப் பாகமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எல்லாமே சந்தையில் இருக்கிறது. வராததற்குக் காரணம் கடை அலமாரிதான் என்று நினைக்கிறேன். மெல்லிசு, உலோகம், கேமரா எண்ணிக்கை ஆகியவை கண்ணாடிப் பெட்டிக்குள் பளிச்சென்று தெரியும். நான்காம் வருடத்திலும் திணறாமல் ஓடும் என்பதைக் கண்ணாடி வழியே காட்ட முடியாது. பேட்டரியைப் பொறுத்தவரை நம்பிக்கை இருக்கிறது. சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. தாக்குப்பிடிக்கும் பேட்டரிகளுக்கு அதில் சில விலக்குகள் உண்டு என்றாலும், திருகு மூடி திரும்பி வர இது வழி திறக்கும்.

விலை இன்னும் இறங்கும் என்கிறார்களே, காத்திருக்கட்டுமா?

திரையின் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நினைவகத்தின் விலை அப்படி இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை வேகமாக ஏறியது. மலிவுப் பிரிவில் லாபம் மெல்லியது என்பதால் அடி முதலில் அங்கேதான் விழும். விலையை ஏற்றாமல் 6 ஜிபியை 4 ஆக்குவார்கள், 4+8 என்ற ஒட்டு பெரிய எழுத்தில் வரும்.

ஆகவே தேவை இருக்கிறது, நான் சொன்ன ரேமும் ஸ்டோரேஜும் உள்ள மாடல் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். இருக்கும் டேப்லெட் மெதுவாக ஓடுகிறது, ஆனால் அப்டேட் இன்னும் வருகிறது என்றால் ஸ்டோரேஜைக் காலி செய்து, தேவைப்பட்டால் பேட்டரியை மாற்றி, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். அப்டேட் நின்றே போய்விட்டது என்றால் வங்கிக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டு, படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.